வடக்கு மூலை

நவம்பர் 17, திங்கள்

புயல் கரையைக் கடந்து நாலு நாளாகிறது. இன்றுதான் குழாயில் தண்ணீர் வந்தது, அதுவும் செம்மண் நிறத்தில். அதிலேயே துணிகளை அலசிப் போட்டேன். மின்சாரம் இன்னும் வரவில்லை. இவர் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவே எங்கள் வாசலில் வந்து நின்று, "எப்ப சார் கரண்ட் வரும்?" என்று கேட்கிறது. "கம்பம் நடணும், கம்பி இழுக்கணும், அப்புறந்தான்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொள்கிறார்.

கொல்லையில் முருங்கை ஒடிந்து கிடக்கிறது. சமையலறைக் கூரையில் சில ஓடுகள் போயிருக்கின்றன. வேறு சேதம் இல்லை. பெங்களூரிலிருந்து மகள் பெனிட்டா சில வருடம் முன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மார்த்தா அக்காவின் போனுக்குக் கூப்பிட்டாள். அழுதாள். "ஓடுதான் போச்சு, நாங்க போகல" என்றேன். சிரித்துவிட்டாள்.

மாலையில் தெருக்கோடியில் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். மதில் இரண்டு இடங்களில் விழுந்திருக்கிறது. சிலுவைகள் பல சாய்ந்துவிட்டன. அப்பா அம்மா கல்லறைக்கு ஒன்றும் ஆகவில்லை. வடக்கு மூலையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு விழுந்து கிடக்கிறது. வேர்கள் மண்ணைப் பிடித்தபடி என் தலைக்கு மேல் நிற்கின்றன. அடியில் பெரிய பள்ளம்.

சற்று நேரம் நின்றேன். இருட்டுவதற்குள் வந்து உலை வைத்தேன்.

நவம்பர் 19, புதன்

பங்குப் பேரவைக் கூட்டம். மண்டபத்தில் விளக்கு இல்லாததால் கோயில் வாசலில் நாற்காலி போட்டுக் கூடினோம். பங்குத்தந்தை இந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு வந்தவர், சின்ன வயது. கல்லறைத் தோட்டத்தில் விழுந்ததை அப்புறப்படுத்தினால் மட்டும் போதாது, புல்தரை, கல் பாவிய நடைபாதை, பூச்செடி என்று ஒழுங்காகவே செய்துவிடலாம் என்றார். துபாயில் இருக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்று செலவை ஏற்கிறதாம். தஞ்சாவூரில் குணசீலன் என்று ஒரு கான்ட்ராக்டர், ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுப்பவர், அவரிடம் பேசியாகிவிட்டது.

"மேற்பார்வைக்கு செலின் டீச்சர்தான் சரி. வீடும் பக்கம், ரிட்டயர்டும் ஆயிட்டாங்க" என்றார் செயலாளர். ஒப்புக்கொண்டேன். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். வடக்கு மூலையைக் கடைசியில்தான் தொட வேண்டும், அங்கே ஜேசிபி கூடாது, ஆள் வைத்துக் கையால்தான் செய்ய வேண்டும்.

"ஏன் டீச்சர்?"

"மண் இளகியிருக்கு. மிஷின் இறங்கினா மீதி மதிலும் விழுந்துடும்."

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள் சொன்னால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை.

நவம்பர் 22, சனி

குணசீலன் வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, இரண்டு போன். இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தன. தோட்டத்தைச் சுற்றி நடந்து வீடியோ எடுத்தார். தென்னந்தோப்புகளில் விழுந்த மரம் வெட்டவே ஆள் கிடைக்காமல் மாவட்டம் முழுவதும் அலைகிறார்களாம். இருந்தாலும், "கோயில் வேலை டீச்சர், இதுதான் எனக்கு முதல்" என்றார்.

வடக்கு மூலை விஷயத்தைச் சொன்னேன்.

"கையாலதான் டீச்சர். நீங்க சொன்னா சரி. திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு எட்டு பேரு இங்க நிப்பாங்க."

நவம்பர் 24, திங்கள்

வரவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் போன் செய்தேன். "வந்துகிட்டே இருக்கோம் டீச்சர், திருவாரூர் தாண்டியாச்சு" என்றார். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரை நின்றேன். இரண்டு மணிக்கு, வண்டி பஞ்சர். நாலு மணிக்குப் போனை எடுக்கவில்லை.

இரவு மின்சாரம் வந்தது. தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

நவம்பர் 27, வியாழன்

விடாத மழை. மரம் விழுந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் என்று தோன்றியது. மாடியில் இருந்த தார்ப்பாயை எடுத்துப் போய், கல் வைத்து மூடிவிட்டு வந்தேன். புடவை முழங்கால் வரை சேறு.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மழையில அங்க போயி என்ன பண்ற?"

"தார்ப்பாய் போட்டேன்."

"பள்ளத்துக்கா?"

முந்தானையைப் பிழிந்தேன். அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 30, ஞாயிறு

பூசை முடிந்து வழக்கம்போல் தோட்டத்துக்குப் போனேன். விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தேன். இலைகள் வாடிப் பழுப்பாகிவிட்டன.

குணசீலனுக்கு மூன்று முறை போன். மச்சான் வீட்டில் கூரை பறந்துவிட்டதாம், அங்கே இருக்கிறாராம். உண்மையாகவும் இருக்கலாம்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒருவழியாக ஆட்கள் வந்தார்கள். எட்டுப் பேர் அல்ல, இரண்டு பேர். வாசல் பக்கம் கிடந்த கிளைகளை அறுத்தார்கள். பதினோரு மணிக்கு டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. மரம் அறுக்கும் இயந்திரத்தை மட்டும் என் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போனில் குணசீலனிடம் கத்தினேன். "பசங்களுக்கு வேற எடத்துல கூலி கூடக் குடுத்து இழுத்துட்டானுங்க டீச்சர், நான் என்ன பண்றது?" என்றார். "அப்ப எட்டு பேருன்னு ஏன் சொன்னீங்க?" என்றேன். "நீங்க வருத்தப்படக் கூடாதேன்னுதான்."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் மேலே என்ன சண்டை போடுவது.

டிசம்பர் 4, வியாழன்

மழை விட்டிருக்கிறது. கொத்தனாரிடம் மணல் சலிக்கும் சல்லடையை இரவல் வாங்கி, பள்ளத்து ஓர மண்ணைக் கொஞ்சம் சலித்துப் பார்த்தேன். நத்தை ஓடுகள், துருப்பிடித்த ஒரு கீல், பீங்கான் துண்டு. மண்ணைத் திரும்ப அதே இடத்தில் போட்டேன்.

மதியம் சாப்பிடும்போது இவர் என் கையையே பார்த்தார். நகக்கண்ணில் மண் போகவில்லை. பாதிச் சோற்றில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். ரசத்தில் உப்பு கூடிவிட்டதோ என்று நான் ருசி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 6, சனி

இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது எனக்கே நன்றாக இல்லை.

பெனிட்டாவுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதம். கடைசி வாரத்தில் அசைவு நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "பாக்காதம்மா, மனசுல நின்னுடும்" என்று யாரோ சொன்னார்கள். வற்புறுத்த எனக்கு உடம்பில் தெம்பு இல்லை. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மற்றவர்களோடு அடக்கம் செய்ய முடியாது என்று அப்போது கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வடக்கு மூலை, அப்போது மதில் இல்லாமல் இருந்த வேலியோரம். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. இவர்தான் தனியாக எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். "எங்க?" என்று கேட்டேன். "தூங்குமூஞ்சி மரத்தடியில" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெனிட்டாவுக்குக்கூட இது தெரியாது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அப்பா அம்மா கல்லறைக்குப் போகிறேன் என்று ஊரில் நினைத்துக்கொள்வார்கள். இவர் ஒருநாளும் வந்ததில்லை. என் அப்பாவின் அடக்கத்தன்றுகூட கேட்டுக்கு வெளியேதான் நின்றார். அவருக்கு அது அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கோபம் வரும். பிறகு வீட்டு வேலையில் மறந்துவிடும்.

இப்போது மரம் விழுந்து அந்த மண் புரண்டு கிடக்கிறது. ஜேசிபி வந்து அள்ளிப் போய் எங்காவது குட்டையில் கொட்டிவிட்டால் நான் எங்கே போய் உட்காருவது? இத்தனை வருடத்தில் அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தியவள்தானே. தெரிந்துதான் சலிக்கிறேன்.

டிசம்பர் 8, திங்கள்

குணசீலன் இன்றும் வரவில்லை. முன்பெல்லாம் எரிச்சலாக இருந்தது. இன்று வராததில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இன்னும் ஒரு பாகம் சலித்துவிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

என் கண்ணில் நீர் வடிகிறது என்று இவருக்குத் திடீரென்று அக்கறை. "தஞ்சாவூர்ல போயிக் காட்டிட்டு வந்துடு. நாளைக்கே போ. மார்த்தா அக்காவும் வர்றேன்னுருக்காங்க" என்றார். அவரே போய்ப் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். குணசீலன் வந்தால் என்ன செய்வது என்றேன். "வந்தா நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னை டாக்டரிடம் போ என்று விரட்டியதில்லை. ஆச்சரியமாகத்தான் இருந்தது. போய்விட்டு வரலாம்.

டிசம்பர் 10, புதன்

கண்ணில் ஒன்றுமில்லையாம். சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

மாலை ஐந்து மணிக்குப் பஸ் விட்டு இறங்கி, தெருவில் திரும்பும்போதே தெரிந்தது. தெருக்கோடியில் மதிலுக்கு மேல் தெரியும் வேர்க்கூட்டம் இல்லை. ஓடினேன். மார்த்தா அக்கா, "ஏன் டீச்சர் ஓடுறீங்க?" என்று பின்னால் கூப்பிட்டது கேட்டது.

மரம் இல்லை. பள்ளம் இல்லை. மதிலோரத்து மேடு பள்ளம் ஒன்றும் இல்லை. வடக்கு மூலை முழுவதும் தேய்த்து விட்டதுபோல் சமமாக இருந்தது. ஜேசிபியின் சக்கரத் தடம் மட்டும் ஈரத்தில் பதிந்திருந்தது. எங்கே உட்கார்ந்திருந்தேன், எங்கே சலித்தேன் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பங்குத்தந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா டீச்சர், ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. நீங்க போட்ட போடுலதான் அந்த ஆளு வந்திருக்காரு."

"நல்லாயிருக்கு ஃபாதர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இவர் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் குணசீலனுக்குப் போன் செய்தேன். என்றும் இல்லாத திருநாளாக முதல் மணியிலேயே எடுத்தார்.

"கையாலதான்னு சொன்னீங்க. எனக்கு வாக்குக் குடுத்தீங்க."

"டீச்சர்..."

"இத்தனை நாள் வராத ஆளு, நான் இல்லாத ஒருநாளைப் பாத்தா மிஷினோட வருவீங்க? அந்த மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டுனீங்க?"

"கொட்டல டீச்சர். ஒரு கூடை மண்ணு வெளிய போகக் கூடாதுன்னு சாரு கண்டிஷனா சொல்லிட்டாரு. எல்லாம் அதே பள்ளத்துலதான் தள்ளி மூடுனோம்."

"எந்த சாரு? ஃபாதரா?"

"உங்க வீட்டு சாருதான் டீச்சர். அவருதான் போன் பண்ணி, நாளைக்கு டீச்சர் ஊருக்குப் போறாங்க, மிஷினோட வந்து முடிச்சுடுங்கன்னாரு." தொடர்ந்து சொன்னார், "நான் லேட்டா வருவேன், சாக்குச் சொல்லுவேன், எல்லாம் உண்மைதான் டீச்சர். இதை நானா செய்யல."

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். படிக்கவில்லை. நான் பேசியதெல்லாம் கேட்டிருக்கும்.

"மிஷினைக் கூப்பிட்டது நீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"நீ அங்க உக்காந்து சலிச்சுக்கிட்டு இருக்குறதை என்னால பாக்க முடியல, செலின்."

"உங்களை யாரு பாக்கச் சொன்னா? இத்தனை வருஷத்துல ஒருநாள் அந்த கேட்டைத் தாண்டியிருப்பீங்களா? உங்களுக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?"

செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார்.

"அங்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் மிஞ்சியிருக்காதுன்னு எனக்கும் தெரியும்..."

"மிஞ்சுறதைச் சொல்லல. அங்கதான் வச்சோம்னு எனக்கே தெரியாது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"உபதேசியாரு என்னை கேட்டுலயே நிறுத்திட்டாரு. உள்ள வர வேணாம்னுட்டாரு. நல்ல மழை. பெட்டி நனையுதுன்னு சட்டையைக் கழட்டி மேல போட்டிருந்தேன். குழிவெட்டுற சூசை வந்தான். குடுங்க சார், நான் பாத்துக்கிறேன்னு வாங்கிக்கிட்டு நடந்தான். எந்தப் பக்கம் போனான்னு நான் பாக்கல. பாக்க முடியல. திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். நீ கண்ணு முழிச்சதும் எங்கன்னு கேட்ட. கேட்டுல நின்னப்ப அந்த மரந்தான் கண்ணுல பட்டுச்சு. அதைச் சொன்னேன்."

"சூசைகிட்ட அப்புறம் கேக்கலியா?"

"கேட்டேன். ஒருதடவ வேலிக்கு உள்ளன்னான். இன்னொரு தடவ வேலிக்கு வெளியன்னான். அப்புறம் அவனும் போய்ச் சேந்துட்டான்."

வேலிக்கு வெளியே இருந்த இடத்தில்தான் இப்போது பஸ் போகும் சாலை இருக்கிறது. நேற்று நான் வந்து இறங்கிய பஸ்ஸும் அந்தச் சாலையில்தான் போயிற்று.

டிசம்பர் 12, வெள்ளி

பேசவில்லை. சோறு வைத்தேன். சாப்பிட்டார்.

டிசம்பர் 13, சனி

ஓடு மாற்ற ஆள் வந்தார். இரண்டு ஓடு உடைந்தே வந்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. கால் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. நிறுத்தி, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எத்தனை ஞாயிறு. காய்ச்சலோடு போயிருக்கிறேன். பெனிட்டாவை வயிற்றில் சுமந்துகொண்டு போய், "தங்கச்சியோ தம்பியோ வரப்போகுது" என்று அந்த மரத்திடம் சொல்லியிருக்கிறேன். அவர் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு மரம். நான் போவதும் வருவதும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் உட்கார்ந்து நான் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்று மதியம் கறி வாங்கி வைத்திருந்தார். சமைத்தேன். நான் சாப்பிடவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

பெனிட்டா போனில், "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு? அப்பாகூட சண்டையா?" என்றாள். சளி என்றேன்.

டிசம்பர் 17, புதன்

குணசீலன் புல் கொண்டுவந்தார். பாய் போலச் சுருட்டி, ஒரு சின்ன லாரி நிறைய. பாதிச் சுருள் ஓரத்தில் மஞ்சளடித்திருந்தது. கேட்டால், வழியில் லாரி நின்றுவிட்டதாம். நடைபாதைக் கல் வரவில்லை. பூச்செடி அடுத்த வாரம். நான் சத்தம் போடவில்லை. எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டார். எந்தப் பக்கமானாலும் சரி என்றேன். என் முகத்தைப் பார்த்தார்.

ஆட்கள் புல்லை விரித்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த எடத்துல உங்களுக்கு யாராச்சும் இருந்தாங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல... சாரு அன்னைக்கு காலையில மிஷின் எறங்குனதுலேருந்து அங்கதான் நின்னாரு. உக்காரச் சொன்னா உக்காரல. ஒவ்வொரு தடவை மண்ணை அள்ளும்போதும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுவாரு. கிட்டப் போயிக் குனிஞ்சு பாப்பாரு. அப்புறந்தான் போடச் சொல்லுவாரு. டிரைவரு கடுப்பாயிட்டான். நான்தான், பெரியவரு, விட்றான்னு சொன்னேன். சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகல. ஒருதடவை ஏதோ வேரைக் கையில எடுத்து ரொம்ப நேரம் துடைச்சுத் துடைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. வேருதான் சார்னு சொன்னேன். ஆமா வேருதான்னாரு."

நான் குனிந்து ஒரு புல் சுருளை விரித்துவிட்டேன். "புல்லுக்கு ரெண்டு வேளை தண்ணி விடணும் டீச்சர், நான் ஆள் அனுப்புறேன்" என்றார். அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 18, வியாழன்

மதியம் இவர் கொல்லையில் ஒடிந்த முருங்கையை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நான்தான் முதலில் பேசினேன்.

"அன்னைக்கு நாள் பூரா நின்னீங்களாமே. குணசீலன் சொன்னாரு."

"ம்."

"எதுக்கு? அங்க இல்லைன்னுதானே சொன்னீங்க?"

அரிவாளைக் கீழே வைத்தார். "இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாக்கலியே. ஒருவேளை நான் சொன்ன எடத்துலயே அவன் வச்சிருந்தான்னா?"

துவரைச் செடிக்குப் பக்கத்தில் இருந்த துணி துவைக்கும் கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் அழுவதை நான் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மா இறந்தபோதுகூட எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றவர். இன்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

அழுகை அடங்கியதும் சொன்னார். "பெட்டியை வாங்கும்போது சூசை பேரு கேட்டான்."

"பேரா?"

"பேரைச் சொல்லித்தான் மண்ணு தள்ளுவேன் சார்னான். ஞானஸ்நானம் இல்லாட்டி என்ன, பேரு இல்லாமப் போட மாட்டேன்னான். பேரு வைக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"என்ன சொன்னீங்க?"

"ரெஜினா."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. யார் பெயர் என்று கேட்டேன்.

"உன் கட்டிலுகிட்ட ஒரு நர்ஸம்மா நின்னாங்க. சட்டையில அந்தப் பேரைத்தான் குத்தியிருந்தாங்க. விடிய விடிய அந்த எழுத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். வேற பேரு எதுவும் ஞாபகத்துக்கு வரல." பிறகு, "நல்லா இல்லியா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த நர்ஸின் முகம் எனக்கு நினைவில்லை. சாயங்காலம் அரிசி களையும்போது அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

பங்குத்தந்தையிடம் போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இறந்த ஒருவருக்காக வேண்டுதல் கருத்து வாசிக்க வேண்டும் என்றேன். பெயர் கேட்டார். சொன்னேன். "சொந்தமா டீச்சர்?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். முழுவதையும் சொன்னேன். வடக்கு மூலைக்கு நான் சொன்ன மண் இளகிய கதை உட்பட.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

"இப்பல்லாம் அப்படி யாரும் தடுக்குறதில்ல டீச்சர். அப்ப நான் இங்க இருந்திருந்தா..."

"அப்ப நீங்க பாலர் பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க ஃபாதர்."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மற்ற பிள்ளைகளின் பெயர் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த மூலையை ஒருநாள் மந்திரித்து ஒரு சிலுவை நடலாமா என்று கேட்டார். நடுங்கள் என்றேன். எந்த இடத்தில் என்று கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

இரவு இவரே பெனிட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் சமையலறையில் இருந்தேன். "உனக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தது மட்டும் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

குணசீலன் ஆள் அனுப்பவில்லை. நேற்றும் இன்றும் நானே குடத்தில் எடுத்துப் போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விட்டேன். இன்று காலை இவரும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு வந்தார். கேட்டில் சற்று நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கே ஊற்றட்டும் என்று கேட்டார். எல்லா இடத்திலும் என்றேன்.

பூசையில் பங்குத்தந்தை வாசித்தார். "ரெஜினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்போர் பெற்றோர் தார்சிஸ், செலின்." முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. வழக்கமாக ஆண்கள் பக்கத்தில் உட்காருகிறவர் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மன்றாட்டு முடியும் வரை அவர் தலை நிமிரவில்லை.

முடிந்து படியில் இறங்கும்போது மார்த்தா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், பெத்தவங்கன்னு உங்க பேரைச் சொன்னாரே சாமி, தப்பா வாசிச்சுட்டாரா? உங்களுக்கு பெனிட்டா ஒண்ணுதானே? யாரு இந்த ரெஜினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"தப்பா வாசிக்கல அக்கா. எங்களுக்கு ரெண்டு பொண்ணு. ரெஜினா மூத்தவ."

சத்தமாகவே சொன்னார். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.